சாமி தாத்தாவுக்குக் கால் இருக்கு!

(திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறு – வானொலி மறையுரை)



திருவருகைக் கால வளையத்தில் இன்று நான்காவது மெழுகுதிரியை ஏற்றியிருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. வீடுகளில் வெள்ளையடித்து முடிந்திருக்கும். குடிலுக்கு வைக்கோல் வந்திருக்கும். வாசலில் நட்சத்திரம் தொங்கும். அடுப்படியில் முறுக்கு வேகும் வாசனை தெருவரைக்கும் வரும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எந்த ரயிலில் வருகிறார்கள், டிக்கெட் உறுதியாகிவிட்டதா இல்லையா என்பதுதான் பல வீடுகளில் இப்போது பேச்சு.

இந்த நேரத்தில் திருச்சபை நமக்கு வாசிக்கத் தந்திருக்கும் நற்செய்தியும் ஒரு வீட்டுக்கு உறவினர் வந்த நிகழ்ச்சிதான். லூக்கா முதல் அதிகாரம் சொல்கிறது. கலிலேயாவில் உள்ள நாசரேத்தூரிலிருந்து ஓர் இளம்பெண் யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். வயதான உறவினர் எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்று வானதூதர் சொன்ன செய்திதான் அவரைக் கிளப்பிவிட்டது. எலிசபெத்தின் வீடு இருந்த ஊர் இன்றைய எருசலேமின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஐன் கரீம் என்பது பழைய மரபு. நாசரேத்திலிருந்து அங்கே போக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் நான்கைந்து நாள் நடை. கடைசிப் பகுதி முழுவதும் மலை ஏற்றம். திருப்பயணம் போய் வந்தவர்களுக்குத் தெரியும், இன்று பேருந்தில் போய் இறங்கினாலும், கோவிலுக்குப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

மரியா வீட்டுக்குள் நுழைந்து வாழ்த்துகிறார். அப்போது நடந்ததில் சிரிப்பதற்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த வீட்டுத் தலைவர் செக்கரியா ஒரு குரு. திருக்கோவிலில் தூபம் காட்டியவர். ஆனால் வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சிழந்து உட்கார்ந்திருக்கிறார். வந்திருப்பது யார் என்று எடுத்துச் சொல்ல வேண்டிய குருவுக்கு வாய் திறக்கவில்லை. வயிற்றில் இருந்த ஆறு மாதப் பிள்ளை துள்ளிக் குதித்து மறையுரை ஆற்றிவிட்டது! அந்த வீட்டில் இருந்தவர்களிலேயே சின்னவருக்குத்தான் முதலில் புரிந்தது. என்னைப் போன்ற குருக்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டால்தான் சின்னப் பிள்ளைகள் சொல்வது காதில் விழும்.

அப்படி ஒரு சின்னப் பிள்ளை எங்கள் குடும்பத்தில் ஆற்றிய மறையுரை ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

என் அக்கா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். 74 வயது. அத்தான் இறைவனடி சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் மனைவியோடு குவைத்தில் இருக்கிறான். பேத்தி அங்கேதான் பிறந்தாள். விடுமுறை, விசா, விமானக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், நான்கு வயதில்தான் முதன்முதலாக ஊர் மண்ணை மிதித்தாள். அதற்காக அவள் எங்களுக்குப் புதியவள் இல்லை. ஞாயிறு மாலைதோறும் வீடியோவில் பார்த்துக்கொள்வோம். "தோத்திரம் சாமி தாத்தா" என்று நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டுவாள். நான் இங்கிருந்தே ஆசீர் கொடுப்பேன்.

போன கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், பங்கில் திருப்பலிகளை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கியைக் கழற்றி வைத்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தாள். தெரிந்த முகம்தான். மெதுவாகப் பார்வையைக் கீழே இறக்கினாள். கண்கள் பெரிதாயின. அடுத்த நொடி அடுப்படிக்கு ஓட்டம்.

"அம்மா! அம்மா! சாமி தாத்தாவுக்குக் கால் இருக்கு! ரெண்டு கால் இருக்கு!"

வீடே சிரித்துவிட்டது. பிள்ளை சொன்னதில் தவறே இல்லை. நான்கு ஆண்டுகளாக அவள் பார்த்த சாமி தாத்தா தலையில் தொடங்கி மூன்றாவது பொத்தானோடு முடிந்துபோனவர். அதற்குக் கீழே எனக்கு ஏதாவது இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மருமகன் சும்மா இருப்பானா? "கால் இல்லாம இருக்கிறதுக்கு மாமா என்ன பேயா?" என்றான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமியப் போய் பேய்ங்கிறியே, உனக்கு வாய் கொழுத்துப் போச்சுடா" என்று அவனை வைதுகொண்டே, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரை முந்தானையில் துடைத்தார்.

அதோடு முடியவில்லை. பிள்ளை திரும்பி வந்து என் கால் விரல்களை எண்ணினாள். பத்தும் சரியாக இருந்தன. கட்டைவிரல் நகம் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் கால் இருக்கிறதா என்று சோதனை போடக் கிளம்பிவிட்டாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் செருப்பைக் கழற்றிக் காட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அக்காவிடம் வந்தாள்.

"அப்பத்தா, உனக்குக் கால் இருக்கா?"

"இருக்குடி தங்கம்" என்று சொன்ன அக்கா, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பிள்ளை விடவில்லை. தரையில் உட்கார்ந்து சேலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். "அப்பத்தா காலுல துணி கட்டியிருக்கு" என்றாள்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஆறாத புண். மஞ்சளைப் பற்றுப்போட்டு, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். அக்காவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். புண் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை மாதமும் மகன் இரவு தவறாமல் வீடியோவில் பேசியிருக்கிறான். "சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியா?" என்று கேட்டிருக்கிறான். "எல்லாம் ஆச்சுப்பா" என்று இவரும் சொல்லியிருக்கிறார். அவன் கேட்டது உண்மையான அக்கறை. இவர் சொன்னதும் பொய் இல்லை. சாப்பிட்டிருந்தார், மாத்திரையும் போட்டிருந்தார். கால் மட்டும் அந்தச் சின்னத் திரைக்குள் வரவில்லை.

"ஏன் அக்கா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னா அவன் அங்க ராத்திரி தூங்குவானா, தம்பி? நெனச்ச நேரம் லீவு குடுப்பாகளா?" என்றார். நேயர்களே, இந்த ஒரு வரியை நம் ஊர்களில் எத்தனை தாய்மார் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு படுக்கப் போகிறார்கள்!

மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர். தினமும் கட்டு மாற்றினார்கள். மெதுவாக ஆறியது. சாம்பல் புதனன்று அக்கா தாமே நடந்து கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டார்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் தங்கள் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோவதால், முள் குத்தினாலும் தெரியாது, கல் கிழித்தாலும் தெரியாது. ஆனால் 74 வயதில், மூட்டு வலியோடு, கண் மங்கிய நிலையில், குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது யாரால் முடியும்? அதைப் பார்க்க இன்னொருவர் வீட்டுக்குள் வரவேண்டும், பக்கத்தில் உட்காரவேண்டும்.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். எலிசபெத்து கருவுற்றபின் ஐந்து மாதம் வெளியே வராமல் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். முதிர்ந்த வயதில் பிள்ளைப்பேறு. வீட்டுக்காரரோ சைகை காட்டித்தான் பேசவேண்டும். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சியைச் சொல்லவும் ஆள் இல்லை, பயத்தைச் சொல்லவும் ஆள் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் மரியா நடந்து வருகிறார். வழிப்போக்கர் ஒருவரிடம் "நலமாக இருங்கள்" என்று சொல்லியனுப்பிவிட்டு அவர் நாசரேத்திலேயே இருந்திருக்கலாம். தாமும் கருவுற்றிருக்கிறார், அதுவே போதுமான காரணம். இருந்தும் வந்தார். வந்தவர் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்றும் லூக்கா குறித்துவைக்கிறார். ஆறாம் மாதத்தோடு மூன்றைக் கூட்டிப் பாருங்கள். எந்த நேரத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கூட ஒரு பெண் வேண்டுமோ, அந்த நேரம் வரைக்கும். அந்த வீட்டில் தண்ணீர் எடுத்தது யார், மாவு அரைத்தது யார், வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்தது யார் என்று நற்செய்தி சொல்லவில்லை. பிரசவத்துக்குத் துணை இருந்த நம் வீட்டுப் பெண்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

இன்றைய இரண்டாம் வாசகத்தையும் இந்த இடத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் பத்தாம் அதிகாரம், கிறிஸ்து உலகிற்கு வரும்போது சொல்வதாக ஒன்றைச் சொல்கிறது. பலிகளையும் காணிக்கைகளையும் விட்டுவிட்டு, தந்தை அவருக்கென்று ஓர் உடலை ஆயத்தம் செய்தாராம். பல நூறு ஆண்டுகள் கடவுள் தம் மக்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். முட்புதரிலிருந்து பேசினார், மேகத்திலிருந்து பேசினார், இறைவாக்கினர் வாய்வழியாகப் பேசினார். குரல் வந்துகொண்டே இருந்தது. அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பெத்லகேம் என்ற சின்ன ஊரில், மாட்டுத் தொழுவத்தில், பத்து விரல் உள்ள இரண்டு கால்களோடு வந்து பிறந்தார். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறைபொருளை இதைவிட எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் கடவுளுக்குக் கால் இருக்கிறது. அந்தக் கால் கலிலேயாவின் புழுதியில் நடந்தது. ஒரு பெண்ணின் கண்ணீரில் நனைந்தது. ஆணியால் துளைக்கப்பட்டது.

பேய்க்குக் கால் கிடையாது என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் நடுவில் வந்து நின்றபோது, அவர்களும் ஆவியைக் கண்டதாக நினைத்து நடுங்கினார்கள். ஆண்டவர் என்ன செய்தார்? நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை. கைகளையும் கால்களையும் காட்டினார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் கொடுத்த வேகவைத்த மீனை அவர்கள் கண்முன் உண்டார். லூக்கா 24ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். நற்செய்தியின் தொடக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் நடையைச் சொன்ன அதே லூக்கா, முடிவில் ஆண்டவருடைய காலைக் காட்டுகிறார்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு ஓரியூர் என்றால் புனித அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்து, மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணலில் தலை வெட்டுண்டு இறந்த அருள்பணியாளர். இடையில் 1687இல் அவர் போர்ச்சுக்கல்லுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அரசர் அவருடைய சிறுவயது நண்பர். அங்கேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். மறவ நாட்டில் அவருக்குக் காத்திருப்பது என்ன என்பது அவருக்குத் தெரியாததல்ல, அங்கே ஏற்கெனவே அடியும் சிறையும் பட்டவர்தான். லிஸ்பனில் இருந்தபடியே நம் மக்களுக்காகச் செபித்திருக்கலாம், கடிதம் எழுதியிருக்கலாம், பணம் அனுப்பியிருக்கலாம். எதுவும் தவறில்லை. ஆனால் அவர் மீண்டும் கப்பல் ஏறினார். இன்றும் ஓரியூருக்கு மக்கள் நடந்தே போகிறார்கள் என்றால், அவர் நடந்து வந்தார் என்பதால்தான்.

நேயர்களே, செல்பேசியைக் குறை சொல்ல நான் வரவில்லை. குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகளின் முகத்தைத் தினமும் கொண்டுவந்து காட்டுகிற கருவி அது. 2020இல் கோவில் கதவுகள் மூடிக்கிடந்தபோது திருப்பலியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதுதான். வானொலியில் பேசிக்கொண்டிருக்கிற நான் வேறு எப்படிச் சொல்ல முடியும்? எனக்குக் கால் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியுமா? ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கோவில் கதவுகள் திறந்த பிறகு, முதல் திருப்பலியில் நற்கருணையைக் கையில் வாங்கிய நம் முதியவர்கள் எத்தனை பேர் அழுதார்கள்! மாதக்கணக்கில் பார்த்ததைத் தொட்டு உண்ணக் கிடைத்தபோது வந்த அழுகை அது.

பெரிய வியாழனன்று நாங்கள் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுகிறோம். பெயர் கொடுத்தவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் அழுக்கைப் பார்த்துவிடக் கூடாதே! பீடத்துக்கு முன்னால் கழுவுகிற சுத்தமான கால் ஆண்டுக்கு ஒரு நாள்தான். வீடுகளில் மறைந்திருக்கிற கால்களுக்கு நாள் குறிக்கப்படவில்லை. அதற்கு இந்த வாரமே நல்ல வாரம்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

விழாவுக்கு ஊருக்குப் போகிறவர்களே, போனதும் செல்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுப் பெற்றோரின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அவர்கள் காலைப் பிடித்துவிடுங்கள். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, இரவில் எழுந்து நடக்க விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மரியா மூன்று மாதம் இருந்தார். நம்மால் மூன்று நாளாவது அவசரம் இல்லாமல் இருக்க முடியும்.

வர முடியாமல் கடல் கடந்து இருக்கிற பிள்ளைகளே, மனம் உடைந்துபோகாதீர்கள். நீங்கள் அங்கே படுகிற பாடும் இந்த வீட்டுக்காகத்தான். ஊரில் இருக்கிற ஒருவரை அழைத்து, "எனக்காக ஒரு நடை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கேளுங்கள். அன்பிய உறுப்பினர்களே, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரர்களே, அப்படி ஓர் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். கேக்கைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள்.

இறுதியாக, படுக்கையிலோ சாய்வு நாற்காலியிலோ இருந்தபடி, துணைக்கு இந்த வானொலியை வைத்துக்கொண்டு கேட்கிற என் வயதான சகோதர சகோதரிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பார்க்க வருகிறவர்களிடம் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பிள்ளைகள் கவலைப்படக் கூடாது என்ற உங்கள் அன்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் உயிர்த்த ஆண்டவரே தம் காயங்களை நண்பர்களிடம் மறைக்கவில்லை. காட்டினார், அதனால் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. எலிசபெத்தும் வந்த இளம்பெண்ணைத் தம் வீட்டில் தங்கவிட்டார். தங்கவிட்டதால் அந்த வீட்டில் ஆண்டவரும் தங்கினார். வலி இருந்தால் சொல்லுங்கள். புண் இருந்தால் காட்டுங்கள். உங்களைத் தாங்குவது எங்களுக்குப் பாரம் அல்ல.

செபிப்போம். நாசரேத்திலிருந்து மலைநாட்டுக்கு நடந்துபோன அன்னை மரியே, வீட்டை விட்டுக் கிளம்ப எங்களுக்கு மனம் தாரும். தனித்திருப்போர் வாசலை எங்கள் கால்களுக்குக் காட்டியருளும். உம் திருமகன் இந்த ஆண்டும் எங்கள் வீடுகளில் வந்து பிறக்கும்படி எங்களுக்காக அவரை மன்றாடும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும், உங்களைத் தேடி வருகிறவர்களையும், நீங்கள் தேடிப் போகிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.